கையெழுத்துப் போடுபவரின் மனம்: கட்டுமானத்தில் ஏஐ ஏன் தயங்கித் தயங்கி நுழைகிறது

"நல்லாத்தான் இருக்கு. அடுத்த பிராஜெக்ட்டில் பார்க்கலாம்."

சிங்கப்பூர் சைட் அலுவலகங்களில் இந்த வாக்கியத்தை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். கன்டெய்னரை அறையாக்கி, ஏசி போட்டு, சுவர் முழுக்க டிராயிங் ஒட்டியிருப்பார்கள். மென்பொருள் விற்க வந்தவர் திரையில் ஒரு வீடியோ காட்டுவார். ஒன்பதாவது மாடி விளிம்பில் ஒரு தொழிலாளி சேஃப்டி பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் நிற்கிறார். கேமராவோடு இணைந்த செயற்கை நுண்ணறிவு (ஏஐ) அதைக் கண்டுபிடித்து, சில நொடிகளில் சேஃப்டி ஆபீசரின் போனுக்குத் தகவல் அனுப்புகிறது. அறையில் இருக்கும் எல்லோருக்கும் பிடித்துவிடும். எல்லோரும் கட்டுமானக் கம்பெனியின் இயக்குநரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கும் பிடித்திருக்கிறது என்பது முகத்திலேயே தெரியும். ஆனாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த வாக்கியம்தான்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். கட்டுமானத் துறையில் ஏஐ ஏன் பரவவில்லை என்று கேட்டால், "பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது, கம்ப்யூட்டர் தெரியாது" என்று இளம் பொறியாளர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது பெரும்பாலும் தவறு. அந்த இயக்குநர் போனில் பங்குச் சந்தை பார்க்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு தினமும் வீடியோவில் பேசுகிறார். புதிய கருவி தன்னிடமிருந்து எதைப் பறித்துக்கொள்ளும், அது தவறிப்போனால் பழி யார் தலையில் விழும் என்ற கணக்கு அவர் மனத்தில் ஓடுகிறது. அந்தக் கணக்கில் நியாயமும் உண்டு, பிழையும் உண்டு. எது நியாயம், எது பிழை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் அவரோடு உருப்படியாகப் பேச முடியும்.

இதை நிர்வாகவியல் மாணவர்களுக்கான பாடம் என்று ஒதுக்கிவைக்க என்னால் முடியவில்லை. சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறவர்கள், சாரம் ஏற்றுகிறவர்கள், கிரேனுக்குக் கீழே சிக்னல் கொடுக்கிறவர்கள் மத்தியில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். 2022இல் அங்கே வேலையிடங்களில் இறந்தவர்கள் 46 பேர். 2023இல் 36 பேர். உயிரிழப்பு அதிகம் நடக்கும் துறைகளில் கட்டுமானம் எப்போதும் முன்வரிசையில் இருக்கிறது. ஒரு கேமரா எல்லா விபத்தையும் தடுத்துவிடாதுதான். ஆனால் அதை வாங்குவதா, வாங்கினால் எப்படிப் பயன்படுத்துவது என்பதையெல்லாம் ஒருசிலரின் மனநிலை தீர்மானிக்கிறது. சாரத்தின் மேல் நிற்பவரின் பாதுகாப்பும் அந்த மனநிலையைப் பொறுத்திருக்கிறது.

முதலில், சைட்டில் ஏஐ என்றால் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரோபோ வந்து செங்கல் அடுக்குவதைத்தான் பலர் கற்பனை செய்வார்கள். அப்படிப்பட்ட இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் இன்றைக்குத் தலைவர்களின் மேசைக்கு வருபவை பெரும்பாலும் அதைவிடச் சாதுவானவை. கேமரா படத்தைப் பார்த்து ஆபத்தைச் சொல்வது ஒரு வகை. ஹெல்மெட்டில் 360 டிகிரி கேமராவை மாட்டிக்கொண்டு ஒருவர் தளத்தைச் சுற்றி வந்தால், அந்தப் படங்களைக் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியோடு ஒப்பிட்டு, "இந்த அறையில் ஒயரிங் பைப் இன்னும் போடவில்லை" என்று சொல்வது இன்னொரு வகை. இஸ்ரேலின் பில்டாட்ஸ் நிறுவனம் இதைச் செய்கிறது. முடிந்துபோன ஏராளமான பிராஜெக்ட்டுகளின் ஷெட்யூல்களைப் படித்துப் பழகி, உங்கள் ஷெட்யூலில் எந்த வேலை இழுக்கும் என்று முன்கூட்டியே எச்சரிப்பவை உண்டு. லண்டனின் என்பிளான் அப்படிப்பட்டது. ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்து, வம்பில் மாட்டிவிடக்கூடிய விதிகளைச் சுட்டிக்காட்டுபவையும் வந்துவிட்டன.

சரி, மனப்பாங்கு என்றால் என்ன? பிடிக்கும், பிடிக்காது என்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. ஒரு பொருளைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறார், அதை நினைத்தால் அவருக்குள் என்ன உணர்வு எழுகிறது, அதன் விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்று உளவியலில் இதை மூன்று அடுக்காகப் பார்க்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. மூன்று அடுக்கும் ஒரே திசையில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. நம் இயக்குநர் ஏஐ பயனுள்ளது என்று நம்புகிறார். அதே சமயம் உள்ளுக்குள் ஒரு கலக்கம். நடத்தையில், கையெழுத்தைத் தள்ளிப்போடுகிறார். விற்க வந்தவர் முதல் அடுக்கோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். இன்னும் பத்துப் பயன்களை எடுத்துச் சொன்னாலும் இரண்டாவது அடுக்கு அசையாது. அங்கே இருப்பது வேறு கேள்வி.

கம்ப்யூட்டர்கள் அலுவலக மேசைகளுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1989இல், ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் எளிய சட்டகத்தை முன்வைத்தார். தொழில்நுட்ப ஏற்பு மாதிரி என்று அதைச் சொல்கிறார்கள். ஒருவர் ஒரு கருவியை ஏற்பாரா என்பதை இரண்டு நம்பிக்கைகளை வைத்துப் பெருமளவு சொல்லிவிடலாம் என்றார் அவர். இது என் வேலைக்கு உதவுமா என்பது ஒன்று. இதைப் பயன்படுத்துவது சுலபமா என்பது மற்றொன்று. இரண்டில் உதவுமா என்பதற்குத்தான் வலு அதிகம் என்றும் கண்டார். வேலைக்கு உதவும் என்றால், கையாளக் கொஞ்சம் கடினமான கருவியைக்கூட மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கட்டுமானத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் வருகிறது. டேவிஸின் கேள்வி "என் வேலைக்கு" என்று தொடங்குகிறது. ஆனால் இயக்குநர் அந்தக் கருவியைத் தொடப்போவதே இல்லை. திரையைப் பார்க்கப்போவது சேஃப்டி ஆபீசர். பணம் கொடுப்பது மெயின் காண்ட்ராக்டர். பைப் போடாத அறையை முன்கூட்டியே கண்டுபிடித்ததால் சுவரை உடைத்துத் திரும்பப் பூசும் செலவு மிச்சமாகிறது என்று வையுங்கள். அந்த மிச்சம் எலெக்ட்ரிகல் சப்-காண்ட்ராக்டரின் பையில் போய் விழலாம். கட்டடம் சீக்கிரம் முடிவதால் வரும் வாடகை கட்டட உரிமையாளருக்குப் போகலாம். ஒரு தொழிற்சாலை முதலாளி இயந்திரம் வாங்கினால் அதே கூரையின் கீழ் பத்து வருடம் பலனை அனுபவிப்பார். கட்டுமானத்தில் ஒவ்வொரு பிராஜெக்ட்டும் தற்காலிகக் குடும்பம் மாதிரி. இரண்டு மூன்று வருடம் ஒன்றாக இருந்துவிட்டு எல்லோரும் பிரிந்து போய்விடுவார்கள். பலன் யாருக்கு, செலவு யாருக்கு என்று இயக்குநர் கணக்குப் போடுவதை யாரும் பழமைவாதம் என்று சொல்லிவிட முடியாது.

"அடுத்த பிராஜெக்ட்டில்" என்ற சொல்லுக்கே ஒரு நேரடிக் காரணமும் உண்டு. இந்த பிராஜெக்ட்டின் விலை டென்டர் போட்ட அன்றே முடிந்துவிட்டது. அந்த விலைப் பட்டியலில் ஏஐ கேமராவுக்கு ஒரு வரி கிடையாது. இப்போது வாங்கினால் அந்தப் பணம் லாபத்திலிருந்துதான் போக வேண்டும். லாபமோ பல கம்பெனிகளில் மொத்த ஒப்பந்தத் தொகையில் சில சதவீதம்தான். ஆகவே அவர் சொன்னது சாக்கா, உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. "அப்படியானால் அடுத்த டென்டரில் இதற்கு ஒரு வரி சேர்த்துவிடலாமா?" என்று கேளுங்கள். "சேர்" என்றால் பிரச்சினை பணத்தில்தான் இருந்தது. "அதையும் அப்போது பார்க்கலாம்" என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. என் அனுபவத்தில் இரண்டாவது பதில்தான் அதிகம்.

அந்த வேறு எங்கோ எது? 1979இல் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதர்கள் லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்று காட்டினார்கள். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலையும் வலி பெரிது. ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பின்னால் வந்த கணிப்புகள் சொன்னன. 1988இல் வில்லியம் சாமுவெல்சனும் ரிச்சர்ட் செக்ஹௌசரும் இதன் தம்பியைக் காட்டினார்கள். தேர்வு செய்யச் சொன்னால், மற்ற வழிகள் கொஞ்சம் மேலாக இருந்தாலும், ஏற்கெனவே இருக்கும் நிலையிலேயே தங்கிவிட மனிதர்கள் விரும்புகிறார்கள்.

கட்டுமானத் தலைவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து வருகின்றன, கூடவே பழியும் வருகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மற்ற காரணங்களைவிட இதற்குத்தான் எடை அதிகம் என்று நான் நினைக்கிறேன். பழைய முறையில் வேலை செய்து இரண்டு மாதம் தாமதமானால், எல்லோரும் மழையைச் சொல்வார்கள், சப்ளையரைச் சொல்வார்கள், ஆள் பற்றாக்குறையைச் சொல்வார்கள். தொழிலில் இது சகஜம் என்று தாமதம் எல்லோர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு பிரிந்துவிடும். ஏஐ சொன்ன வரிசையில் வேலை செய்து அதே இரண்டு மாதம் தாமதமானால்? "இதை யார் வாங்கச் சொன்னது?" என்று ஒரே கேள்வி வரும், அதற்கு ஒரே ஒரு பெயர்தான் பதில். ஜெயித்தால் பாராட்டு மொத்த டீமுக்கு. தோற்றால் பழி கையெழுத்துப் போட்டவருக்கு. ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு நாள் கணக்கில் அபராதம் எழுதியிருக்கும் தொழிலில், இப்படி யோசிக்கிறவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைத் தனியாக அந்தப் பழியில் நிறுத்திவைக்கும் கம்பெனியின் அமைப்பில்தான் கோளாறு இருக்கிறது. கையெழுத்தை ஒருவர் மட்டும் போடாமல், திட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு, கணக்குப் பிரிவு மூன்றும் சேர்ந்து போட்டால் அதே மனிதர் துணிவதை நான் பார்த்திருக்கிறேன்.

பழியோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு அச்சமும் வருகிறது. இதை யாரும் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கேமரா ஒரு நாளைக்கு நாற்பது எச்சரிக்கை கொடுத்தால், அந்த நாற்பதும் பதிவாகிறது. நாளைக்கு விபத்து நடந்தால், "உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறதே" என்று யாராவது கேட்கலாம். தெரியாமல் இருப்பது ஒரு கேடயம் என்று பல தலைவர்கள் உள்ளூர நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் அந்தக் கேடயம் இப்போது மெலிந்துவிட்டது. வேலையிடப் பாதுகாப்பில் தலைமை நிர்வாகிக்கும் இயக்குநர் குழுவுக்கும் என்ன கடமை என்பதை வரையறுக்கும் நடைமுறைக் கோட்பாடு 2022 அக்டோபரில் அரசிதழில் வந்தது. ஒரு வழக்கை எடைபோடும்போது நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம். தெரிந்துகொள்ளாமல் இருந்ததே குற்றமாகப் பார்க்கப்படக்கூடிய நிலை. சாரத்தில் நிற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

அப்புறம், அனுபவம். "முப்பது வருடமாக சைட்டில் இருக்கிறேன், பார்த்தாலே தெரியும்" என்பார்கள். இந்த வார்த்தையை அலட்சியம் செய்யக் கூடாது, அப்படியே நம்பிவிடவும் கூடாது. எப்போது எது என்பதற்கு ஓர் அருமையான விளக்கம் இருக்கிறது. கானமன் உள்ளுணர்வை எப்போதும் சந்தேகப்பட்டவர். தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்த கேரி கிளைன் உள்ளுணர்வை மதித்தவர். எதிரெதிர் முகாமைச் சேர்ந்த இந்த இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டும். அந்தச் சூழலில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்க வேண்டும். தன் கணிப்பு சரியா தவறா என்று சீக்கிரமும் தெளிவாகவும் தெரிந்து பழக நெடுநாள் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும்.

இதை சைட்டில் வைத்துப் பாருங்கள். லாரியிலிருந்து காங்கிரீட் இறங்கும்போதே "தண்ணீர் அதிகம்" என்று சொல்கிற மேஸ்திரியின் கண்ணுக்கு இரண்டு நிபந்தனையும் பொருந்துகிறது. சோதனைக் கூம்பில் அதை நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும். ஒரு வாரத்தில் பல லாரிகளைப் பார்த்துவிடுகிறார். அவர் கண்ணை நான் நம்புவேன். ஆனால் "இந்தக் கட்டடம் 26 மாதத்தில் முடிந்துவிடும்" என்று இயக்குநர் சொல்வது வேறு வகை. அதற்கு விடை தெரிய இரண்டு வருடம் ஆகும். அதற்குள் டிராயிங் மாறியிருக்கும், ஆட்கள் மாறியிருப்பார்கள். கணிப்பு எங்கே பிசகியது என்று யாருக்கும் தெரியாது. வாழ்நாளில் பதினைந்து பிராஜெக்ட் பார்த்திருந்தாலே பெரிய விஷயம். இரண்டு பேரின் அனுபவத்துக்கும் நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் அவை வேறு வேறு.

சிட்னி ஓபரா ஹவுஸ் இதற்குப் பழைய உதாரணம். 1963இல் முடியும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்றார்கள். முடிந்தது 1973இல், செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். அதைக் கட்டியவர்கள் திறமையற்றவர்கள் அல்ல. நம் வேலை மட்டும் நினைத்தபடி நடந்துவிடும் என்று மனித மனம் இயல்பாகவே நம்புகிறது. திட்டமிடல் மாயை என்று இதைச் சொல்வார்கள். முடிந்துபோன ஆயிரம் பிராஜெக்ட்டுகளைப் படித்த மென்பொருளுக்கு அந்த ஆசை கிடையாது. ஆகவே தலைவர்கள் ஏஐயின் சொல்லை அதிகம் கேட்க வேண்டிய இடம் ஷெட்யூல்தான். தங்கள் அனுபவத்தின் மீது உறுதியாக இருந்து அதை அவர்கள் மறுக்கும் இடமும் அதுவே.

2019இல் ஜெனிஃபர் லாக் முதலான ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதோடு பொருந்துகிறது. சாதாரண மக்கள், மனிதர் சொல்லும் யோசனையைவிடக் கணக்கீட்டு முறை (அல்காரிதம்) சொல்லும் யோசனைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். தொழிலாகவே கணிப்புச் செய்து பழகிய நிபுணர்கள் அதை ஒதுக்கினார்கள். அதனால் அவர்களுடைய துல்லியம்தான் குறைந்தது.

அடுத்து, ஏஐ முதல் தடவை தப்புச் செய்யும் நாள். அது வந்தே தீரும். மஞ்சள் ஹெல்மெட்டைத் தேடும் கேமரா மஞ்சள் வாளியைப் பார்த்து ஏமாறும். மழையில் லென்ஸ் மங்கி, பெல்ட் மாட்டியவரையே மாட்டாதவர் என்று சொல்லும். அந்த நாளில் தலைவர் மனத்தில் நடப்பதை 2015இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி டீட்வோர்ஸ்டும் அவருடைய சகாக்களும் சோதனையில் பிடித்துக் காட்டினார்கள். கணக்கீட்டு முறை ஒரு தப்புச் செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள், அது மனிதரைவிட நன்றாகக் கணிக்கிறது என்று தெரிந்த பிறகும், மனிதர் பக்கமே சாய்ந்தார்கள். மனிதர் தப்புச் செய்தால் திருந்துவார் என்று நினைக்கிறோம். இயந்திரம் தப்புச் செய்தால் அது அப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஐந்து வருடமாகத் தாமதத்தைச் சரியாகச் சொல்லாத பிளானிங் என்ஜினியருக்கு அடுத்த வருடமும் வேலை இருக்கும். மூன்று தடவை பொய்யாக அலறிய கேமராவை நான்காவது நாள் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

இதே குழு பிறகு இன்னொன்றையும் கண்டுபிடித்தது. 2018இல் அது அச்சில் வந்தது. கணக்கீட்டு முறை சொல்லும் எண்ணைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தால், மனிதர்கள் அதைப் பயன்படுத்தச் சம்மதிப்பது வெகுவாகக் கூடியது. மாற்றும் அளவு மிகச் சிறிதாக இருந்தாலும்கூட அப்படித்தான். பிடி தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு போதும். நான் படித்தவற்றில் சைட்டுக்கு மிக உபயோகமான முடிவு இது. ஷெட்யூல் மென்பொருள் "இந்த வேலைக்கு 41 நாள்" என்று முடிவாகச் சொல்லாமல், "36 முதல் 47 நாளுக்குள், நீங்கள் எதை வைக்கிறீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்" என்று கேட்டால், முப்பது வருட அனுபவம் உள்ளவர் அங்கே ஒரு இடம் பெறுகிறார். அவர் எழுதிய காரணமும் பதிவாகிறது. ஆறு மாதம் கழித்து யார் கணிப்பு நெருங்கி வந்தது என்று பார்க்க முடிகிறது. உள்ளுணர்வுக்கு இவ்வளவு காலம் கிடைக்காமல் இருந்த பதில் அப்படித்தான் கிடைக்கத் தொடங்கும்.

தயங்குகிற தலைவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பாய்கிற தலைவரும் உண்டு, அவரால் வரும் சேதம் குறைவல்ல. டென்டரில் "நாங்கள் ஏஐ பயன்படுத்துகிறோம்" என்று எழுதுவதற்காக வாங்குகிறவர், மாநாட்டில் பார்த்ததை மறுநாளே எல்லா சைட்டிலும் போடச் சொல்கிறவர், கருவி சொன்னால் அது சரி என்று கண்ணை மூடிக்கொள்கிறவர். கேமரா எச்சரிக்கை கொடுக்கவில்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று சேஃப்டி ஆபீசர் சுற்றிவருவதைக் குறைத்தால், கேமரா பார்க்காத மூலையில்தான் ஆள் விழுவார். அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய கேட்டெரா, கட்டுமானத்தைத் தொழில்நுட்பத்தால் புரட்டிப்போடுவோம் என்று சொல்லி, ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்கிடமிருந்து ஏறத்தாழ 200 கோடி டாலர் பெற்று, 2021 ஜூனில் திவால் மனு கொடுத்தது. அங்கே தவறியது ஏஐ அல்ல. தொழிற்சாலை, வடிவமைப்பு, பொருள் வாங்குவது, கட்டுவது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முயன்றார்கள். ஆனாலும் தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டாலே பல காண்ட்ராக்டர்களின் நினைவுக்கு வருவது அந்தத் தோல்விதான். ஒருவரின் பாய்ச்சல் பத்துப் பேரின் தயக்கத்துக்கு ஆதாரமாகிவிடுகிறது.

டேவிஸின் இரண்டு கேள்விகளை விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட மற்ற ஆய்வாளர்களும் 2003இல் விரித்தபோது, மேலும் இரண்டு சேர்ந்தன. நமக்கு முக்கியமானவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், இதைப் பயன்படுத்த ஆள், பயிற்சி, வசதி இருக்கிறதா என்பவை. கட்டுமானத்தில் முதலாவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காண்ட்ராக்டருக்கு முக்கியமானவர் கட்டட உரிமையாளர். எல்லோரிலும் பெரிய உரிமையாளர் அரசு. சிங்கப்பூரில் முப்பரிமாணக் கட்டட மாதிரி பரவிய கதை இதைக் காட்டுகிறது. 2013இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களை அந்த வடிவில்தான் அனுமதிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். 2015க்குள் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவை எல்லாவற்றுக்கும் அது கட்டாயமானது. அதற்கு முன்பே பயிற்சிக்கும் மென்பொருளுக்கும் அரசு நிதியுதவி கொடுக்கத் தொடங்கியிருந்தது. கட்டாயமும் உதவியும் சேர்ந்து வந்ததால், "முதல் ஆளாக மாட்டிக்கொள்வேனோ" என்ற கேள்வியே எழவில்லை. எல்லோரும் சேர்ந்தே மாட்டிக்கொண்டார்கள்.

2024 ஜூன் முதல், 50 லட்சம் சிங்கப்பூர் டாலரோ அதற்கு மேலோ ஒப்பந்தத் தொகை உள்ள கட்டுமான இடங்களில், ஆபத்து அதிகமான வேலை நடக்கும் பகுதிகளில் வீடியோ கண்காணிப்பும் அங்கே கட்டாயமாகிவிட்டது. சட்டம் கேட்பது கேமராவை, ஏஐயை அல்ல. ஆனால் கேமரா ஏற்கெனவே தூணில் ஏறிவிட்டதால், ஏஐக்கான செலவும் தயக்கமும் ஒரு படி இறங்குகின்றன. கட்டாயத்தால் நடத்தை முதலில் மாறும், மனம் பிறகு மாறலாம், மாறாமலும் போகலாம். மாறாத இடத்தில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும், பதிவு சேர்ந்துகொண்டிருக்கும், பார்க்க ஆள் இருக்காது.

தலைவரின் மனப்பாங்கு அவரோடு நின்றுவிடுவதும் இல்லை. கேமரா வந்த முதல் வாரத்தில் அவர் செய்வதை வைத்து மொத்த சைட்டும் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. நான் வேலை பார்த்த ஒரு சைட்டில், முதல் எச்சரிக்கையில் சிக்கிய தொழிலாளியின் படத்தைப் பெரிதாக அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அபராதமும் போட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து கேமரா எங்கே பார்க்காது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கொக்கி மாட்ட ஏற்ற கம்பியே அந்த விளிம்பில் இல்லை என்பதைக் கேட்க யாரும் வரவில்லை. அந்தத் தொழிலாளி புதுக்கோட்டைப் பக்கம். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் தீராதவர். தவறைச் சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை இருக்கும் குழுக்கள்தான் தவறிலிருந்து கற்கின்றன என்பதை ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1999இல் எழுதினார். நோட்டீஸ் போர்டுப் படம் அந்த நம்பிக்கையை ஒரே நாளில் அழித்துவிட்டது. பிறகு எவ்வளவு துல்லியமான ஏஐயைக் கொண்டுவந்தாலும் அதற்குக் கிடைப்பது மறைக்கப்பட்ட சைட்டின் படம்தான்.

இன்னொரு சைட்டில் பிராஜெக்ட் டைரக்டர் திங்கட்கிழமை வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்துக்கு (டூல்பாக்ஸ் மீட்டிங்) நேரே வந்து, எச்சரிக்கை அதிகம் வந்த மூன்று இடங்களின் படத்தை முகங்களை மறைத்துக் காட்டி, "இங்கே கொக்கி மாட்ட முடியாமல் போவது ஏன்?" என்று கேட்டார். இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு சாரக்காரர், "அங்கே லைஃப்லைன் கயிறு ஒரு மீட்டர் குட்டை சார்" என்றார். மாலைக்குள் கயிறு மாறியது. அந்த டைரக்டருக்கு ஏஐ மீது பெரிய ஆர்வம் எதுவும் இல்லை. கேட்கும் பழக்கம் மட்டும் இருந்தது.

நீங்கள் இளம் பொறியாளர் என்றால், அல்லது ஒரு சிறிய காண்ட்ராக்டரின் அலுவலகத்தில் இந்தக் கருவிகளை அறிமுகப்படுத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், பெரிய ஒப்பந்தத்துக்கு ஆசைப்படாதீர்கள். ஒரே ஒரு டவர் கிரேன் பொருள் தூக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் போதும். எச்சரிக்கையை முடக்கவோ அளவை மாற்றவோ சேஃப்டி ஆபீசருக்கு அதிகாரம் கொடுங்கள். ஏன் மாற்றினார் என்பதை அவர் எழுதட்டும். பொய் எச்சரிக்கை வாரத்துக்கு எத்தனை வரலாம் என்று முன்பே பேசி வையுங்கள், அப்போதுதான் முதல் தப்பு நாளில் யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள். பதிவை வைத்து யாருக்கும் அபராதம் இல்லை என்பதைத் தமிழிலும் பெங்காலியிலும் சீனத்திலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போடட்டும். தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் தேதியை முதல் நாளே சைட் அலுவலகப் போர்டில் எழுதி, அந்தக் கூட்டத்துக்கு இயக்குநரின் நேரத்தை அன்றே வாங்கிவிடுங்கள்.